எதுவானாலும் சரி என்று சொல்லாதே, பாக்கியம்

அஸ்தம்பட்டி, சேலம்
18-5-2025

அன்புள்ள பாக்கியத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? பொங்கலுக்கு அப்புறம் என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று சரோஜாவிடம் குறைப்பட்டாயாம். மருமகளுக்குப் பிரசவம், வீட்டில் பெயிண்ட் வேலை, அதற்குள் அக்னி நட்சத்திரம். ஏற்காட்டில் தம்பி தோட்டத்தில் காப்பி பூக்கிற நேரத்துக்கு நல்ல மழை. கோடை விழா வேறு வருகிறது, இனி கொண்டை ஊசி வளைவு முழுக்கக் கார்தான். ஊர்ச் செய்தி இவ்வளவே. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நேற்று சரோஜா வீட்டில் கூடினோம். நாமெல்லோரும் சேர்ந்து கப்பலில் உல்லாசப் பயணம் போகிற விஷயம்தான். மணி அண்ணன் ஏஜெண்டிடமிருந்து இரண்டு கப்பல்களின் வரைபடத்தையும் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். காற்றாடிக்குப் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் நாலு மல்கோவாவை வைத்தோம். கோகிலா டிஃபன் கேரியரோடு வந்திருந்தாள், மேட்டூர் டூரில் இருந்து அந்த அடுக்கு மாறவே இல்லை. இரண்டு மணி நேரம் பேசி, சென்னையில் இருந்து இலங்கை போகும் கப்பல்தான் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்கிறார்கள். "பாக்கியத்துக்கு அவ பிறந்த மண்ணைக் காட்டின மாதிரி இருக்குமில்ல?" உனக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு நீ "எதுவானாலும் சரி" என்றாயாம். ஏண்டி, அறுபது வயதிலும் இதே பதில்தானா? வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டப் போகிறார்கள். அதற்குள் நீ வாய் திறக்க வேண்டும்.

முதலில் இரண்டு கப்பலையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்து நாளாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இவர் என்னை "கேப்டன்" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சென்னைக் கப்பல் கார்டிலியா என்ற கம்பெனியின் எம்ப்ரஸ். 1990இல் பிரான்சில் செயிண்ட் நசேர் என்ற ஊரில் கட்டியது. நம் சரோஜாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம். அப்போது அதன் பெயர் நார்டிக் எம்ப்ரஸ். அமெரிக்கா பக்கம் நெடுங்காலம் ஓடிவிட்டு, 2021இல் இருந்து நம் நாட்டில் ஓடுகிறது. நீளம் 210 மீட்டர். அரபிக்கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அது சென்னைக்கு வந்துவிடும். அங்கிருந்து அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிக் காட்டித் திரும்பவும் சென்னையில் கொண்டு வந்து இறக்கும். நமக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் சென்னை. விமானம் வேண்டாம். சாப்பாடு நம் சாப்பாடு.

மற்றது ஜென்டிங் ட்ரீம். 2016இல் ஜெர்மனியில் கட்டியது, சிங்கப்பூரில் இருந்து புறப்படுகிறது. 335 மீட்டர் நீளம், பதினெட்டு தளம். பக்கவாட்டில் ஒரு கடற்கன்னியும் விண்வெளி வீரனும் காதலிக்கிற படத்தைக் கப்பல் நீளத்துக்கு வரைந்திருக்கிறார்கள். என் பேத்தி அதைப் பார்த்ததில் இருந்து பாட்டியோடு தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மலேசியாவில் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சில பயணங்களில் தாய்லாந்தின் புக்கெட் என்று போய்வருகிறது. இதிலும் சைவம், ஜைன உணவுவரைக்கும் உண்டு, கோகிலா அந்தக் கேரியரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

மணி அண்ணன் கட்சி என்ன தெரியுமா? "சின்னக் கப்பல்னா கூட்டம் கம்மி, பெரிசுல திருவிழா மாதிரி இருக்கும்." எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் சும்மா விடுவேனா? கப்பலுக்குச் சொல்கிற டன் அதன் எடை இல்லை, பாக்கியம். உள்ளே அடைபட்டிருக்கிற மொத்த இடத்தை வைத்துப் போடுகிற கணக்கு. அதை, அறைக்கு இரண்டு பேர் வீதம் எத்தனை பயணிகளோ அத்தனையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். எம்ப்ரஸ் 48,500 டன்னுக்குக் கொஞ்சம் மேலே, ஆட்கள் சுமார் 1,600. வகுத்தால் 30. ஜென்டிங் ட்ரீம் 1,50,000 டன்னுக்கு மேல், ஆட்கள் சுமார் 3,350. வகுத்தால் 45. தலைக்கு ஒன்றரை மடங்கு இடம்! கூட்டம் இரண்டு மடங்கு, ஆனால் இடம் மூன்று மடங்கு. அண்ணன் பேனாவை வாங்கித் தானே ஒரு தரம் வகுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் மாம்பழத்தை நறுக்கப் போய்விட்டார். பழைய கப்பலில் பால்கனி வைத்த அறைகளும் கொஞ்சம்தான். புதியதில் பெரும்பாலான அறைகளுக்கு உண்டு. வெளியே கூட்டமென்றால் நாம் பால்கனியில் கால் நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசலாம்.

அடுத்தது சரோஜாவின் முழங்கால். நீ பார்த்து ஒரு வருஷம் இருக்குமா? போன மாதம் ஏற்காட்டில் லேடீஸ் சீட் போயிருந்தோம். படி இறங்கும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினாள். கேட்டால் "கீழே கல்லு வழுக்குது" என்கிறாள். ஆகவே நான் துறைமுகம் துறைமுகமாகப் பார்த்தேன். பினாங்கில் கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் சைக்கிள் ரிக்ஷாவில் குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்கே போய்விடலாம், 1833இல் எழுந்த கோயில். கோட்டை மாரியம்மனை விட்டுவிட்டு ஐந்து நாள் எப்படி இருப்பேன் என்கிற கோகிலாவுக்கு அதுவே போதும். புக்கெட்டில் அப்படி இல்லை. அங்கே படோங் பக்கம் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுவிடும், சின்னப் படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். ஆடுகிற படகில் சரோஜாவை இறக்கி ஏற்றுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பினாங்கும் கிள்ளானும் மட்டும் போகிற பயணமாகப் பார்ப்போம். கிள்ளானில் இறங்கிப் பத்துமலை போக வேண்டும் என்றார் மணி அண்ணன். 272 படி! அந்த முருகன் 140 அடி, நம் ஏத்தாப்பூர் பக்கத்து முத்துமலை முருகன் 146 அடி, படியேறாமலே தரிசனம் தருகிறார் என்று சொல்லி அடக்கினேன். பெரிய கப்பலில் ஒரு தொந்தரவு உண்டு, நடைபாதை நீளம். நடுவில் இருக்கிற லிஃப்டுக்குப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நடு அறை வாங்கினால் ஆட்டமும் குறைவு. கப்பலின் அடியில் இரண்டு பக்கமும் தகடுகளை நீட்டி, பக்கவாட்டு உருளலைக் குறைப்பார்கள். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் நிறுத்த முடியாது. அதற்குக் கீழ்த்தளத்தில் நடுவில் இருப்பதுதான் வழி. கடலும் கடலுக்குக் கடல் மாறும். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. பெரிய அலை உள்ளே வர வழியில்லை. விடியற்காலையில் சில நாள் திடீர்க் காற்றுமழை அடிக்கும், கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். இலங்கையின் கிழக்குக் கரை ஆடி மாதத்தில் அமைதிதான். ஆனால் அம்பாந்தோட்டைக்காகத் தெற்கே இறங்கும்போது தென்மேற்குக் காற்று கடலைத் தூக்கும். உனக்குத்தான் ஏற்காடு பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழம் வேண்டுமே.

செலவு சிங்கப்பூருக்குத்தான் கூட. கப்பல் கட்டணத்தைவிட விமானமும் விசாவும்தான் கையைக் கடிக்கும். திருச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ நேரே விமானம் இருக்கிறது, உனக்குக் கோத்தகிரியிலிருந்து கோவைதான் வசதி. சிங்கப்பூர் விசா ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும், கப்பல் வெளியே போய்த் திரும்பி வருகிறதே. மலேசியாவுக்கு இப்போது நமக்கு விசா வேண்டாம். துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான டிப்ஸ் எல்லாம் தனி. ஏஜெண்ட் சொன்ன தொகையில் அவை இல்லை. கேட்ட பிறகுதான் சொன்னார்.

சரி, இது வரைக்கும் கப்பல். இனிமேல் உன் விஷயம்.

நேற்று கோகிலா நல்ல மனசோடுதான் சொன்னாள்: "திரிகோணமலையில கப்பல் நிக்கும்போது பாக்கியத்தோட பெரியக்காவை அங்க வரச் சொல்லிடலாம், ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது, கோபமும் வந்தது. அக்கா இருக்கிற மலைநாட்டு ஹட்டன் எங்கே, கிழக்குக் கரைத் திரிகோணமலை எங்கே? கப்பல் ஒரு பகல்தான் நிற்கும். நீ போய்த் திரும்புவது நடக்காத காரியம். தனியாகப் போனவர்கள் வரத் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. அப்படியானால் எழுபத்தைந்து தாண்டிய அக்கா ராத்திரியெல்லாம் வேனில் மலை இறங்கி வந்து, துறைமுக வாசலில் உனக்காக நிற்க வேண்டும். நீ கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். இதற்கா?

காலேஜ் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அக்கா கல்யாணம் ஆகி இலங்கைக் குடியுரிமையோடு அங்கேயே நின்றுவிட்டார். உங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத் தமிழர்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்து 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், எட்டு வயதில் உன்னைத் தலைமன்னாரில் கப்பல் ஏற்றியது. உன் அம்மா கரை மறைகிறவரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றாய். அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் ஏற்காட்டுத் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசை வீடு, அந்த லயம். அதன் பிறகு அதைப் பற்றி நீ பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அக்காவைப் பார்க்க வேண்டுமா? "எதுவானாலும் சரி" என்று நீ சொன்னதற்கு உள்ளே இதுதான் இருந்ததா?

இருந்தது என்றால், அதற்கு வேறு ஒரு கப்பல் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடுகிறது. 2023இல் தொடங்கி, நின்று நின்று, இப்போது சிவகங்கை என்ற கப்பல் 150 பேரோடு போய்வருகிறது. நீச்சல்குளம் கிடையாது, நாடகம் கிடையாது, சில மணி நேரத்தில் அக்கரை. காங்கேசன்துறையிலேயே ரயில் நிலையம் உண்டு. கொழும்பு ரயிலில் ஏறிப் பொல்காவலையில் இறங்கினால், பதுளை போகும் மலைப்பாதை ரயில் பிடிக்கலாம், ஹட்டன் அந்தப் பாதையில்தான். வழியில் யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் தங்கி நல்லூர் முருகன் கோயில் பார்ப்போம். மழைக்காலத்தில் கப்பலை நிறுத்திவிடுகிறார்கள், அதனால் மாசிக்கு மேல் போவோம். உனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று பட்டால் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கவே இருக்கிறது. எப்படிப் போனாலும் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வர வேண்டும். நான் கூட வருகிறேன். இவரிடம் சொல்லிவிட்டேன். "போய்ட்டு வா, எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றார். தெரியாது, ஆனாலும் சொன்னார்.

எல்லோரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு போகிற பயணம் தை மாதம், பொங்கல் கழித்து, சிங்கப்பூர்க் கப்பலில். சரோஜாவுக்கு லிஃப்ட், கோகிலாவுக்கு மாரியம்மன், மணி அண்ணனுக்குத் தலைக்கு 45. உன் பயணம் தனி. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் அடக்கினால் அங்கே நீயும் சிரிக்க முடியாது, உன் முகத்தைப் பார்த்து நாங்களும் சிரிக்க முடியாது.

ஆகவே வியாழக்கிழமைக்குள் நீயே மணி அண்ணனுக்குப் போன் போட்டு, "எனக்காக இலங்கைக் கப்பல் வேண்டாம்" என்று சொல். நான் சொன்னால் வசந்தா பிடிவாதம் பிடிக்கிறாள் என்பார். காரணம் சொல்ல விருப்பமில்லை என்றால் வாந்தி வரும் என்று சொல், நம்பிவிடுவார்.

அக்காவின் இப்போதைய முகவரியும் போன் நம்பரும் உன்னிடம் இருக்கிறதா என்று பார். உன் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியையும் பார், பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த மாதமே புதுப்பிக்கக் கொடுத்துவிடு. அண்ணனுக்கு சுகர் மாத்திரையை மாற்றினார்களாமே, எப்படி இருக்கிறார் என்று எழுது. மல்கோவா ஒரு பெட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன், இரண்டு நாள் வைக்கோலில் வைத்துச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
வசந்தா