புள்ளிப் படங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் ஒன்று அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது என்று ஒரு பிள்ளை கண் கலங்கிச் சொன்னாள். வீட்டில் இருந்தவர்கள்மேல் தவறில்லை. கையில் வைத்துப் பார்த்தால் பாதியில் விட்ட தாள் போலத்தான் இருக்கும். நான்தான் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

2018-இல் நம் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தது நினைவிருக்கும். பக்கத்தில் போனால் சின்னச் சின்ன மணி போன்ற பூக்கள், நடுநடுவே பச்சை இலை. எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தாலோ பூ தெரியாது, இலை தெரியாது. சரிவு முழுக்க நீலமாக நிற்கும். பிள்ளைகள் இப்போது பழகுவது அதைத்தான். வண்ணங்களைத் தட்டில் கலக்காமல், தாளில் பக்கம் பக்கமாகப் புள்ளி வைக்கிறார்கள். கலக்கும் வேலையைத் தள்ளி நிற்பவரின் கண் பார்த்துக்கொள்கிறது.

பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஜார்ஜ் சூரா இப்படி வரைந்த பெரிய படம் ஒன்று இன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் மக்கள்தான் படம். உயரம் 2 மீட்டர், அகலம் 3 மீட்டர். நம் வகுப்புக் கரும்பலகையை விடப் பெரியது. 1884-இல் தொடங்கி 1886-இல் முடித்தார். 31 வயதில் இறந்துபோன மனிதர், ஒரே படத்துக்கு இரண்டு வருடம் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். சாயப்பட்டறை ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கச் செய்திருக்கிறது. புடவைக்கு ஜாக்கெட் துணியை ஒட்டிவைத்துப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதில்லை.

வகுப்பில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு பையன் காரட் தோட்டம் வரைந்தான். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம் அல்லவா, அதை நம்பி மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும் மாற்றி மாற்றி வைத்தான். தள்ளி நின்று பார்த்தால் தோட்டம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. வண்ணத்தைக் குழைத்தால் நடப்பது வேறு, கண்ணுக்குள் கலந்தால் நடப்பது வேறு. அப்புறம் அவனே இளம்பச்சை, கரும்பச்சை என்று புள்ளி வைத்தான். களையெடுக்கும் பெண்களின் தலைத்துண்டுக்காக நாலைந்து சிவப்புப் புள்ளிகளும் வைத்தான். அவ்வளவுதான், பச்சை முழுவதும் பளிச்சென்று எழுந்துவிட்டது. "டீச்சர், நான் பச்சையைத் தொடவே இல்லை" என்று ஓடிவந்து சொன்னான். இதற்காகத்தான் இந்தப் பாடத்தை எடுக்கிறோம்.

வீட்டில் புள்ளிக் கோலம் போடும் பிள்ளைகளுக்குக் கை உடனே பழகிவிடுகிறது. ஆனால் கோலத்தில் புள்ளிக்கு அப்புறம் கோடு வரும், இங்கே வராது. ஆகவே "எப்போது முடிப்பாய்?" என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு பாடவேளை போய்விடுகிறது. மேகம் இறங்கிய நாளில் வண்ணம் காயவும் மாட்டேன் என்கிறது. ஈரத்தில் அடுத்த புள்ளி வைத்தால் இரண்டும் ஓடிக் கலந்துவிடும். அதனால்தான் பல தாள்கள் பாதியில் நிற்கின்றன.

காது குடையும் பட்ஸ், தீக்குச்சி, பழைய செய்தித்தாள் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள். செய்தித்தாள் மேஜையில் விரிக்க மட்டுமில்லை. அதிலுள்ள வண்ணப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புள்ளிகள்தான் தெரியும். பிள்ளைகளைக் காட்டச் சொல்லுங்கள். சீருடையில் பட்ட வண்ணத்தை அன்றைக்கே தண்ணீரில் அலசிவிடுங்கள், போய்விடும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குப் படங்களை வராந்தாச் சுவரில் மாட்டுகிறோம். தோட்ட வேலை முடித்து அப்படியே வாருங்கள், உடை மாற்ற வேண்டாம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்போம். முதலில் அங்கே நின்று பார்த்துவிட்டு, அப்புறம் சுவருக்குப் பக்கத்தில் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்