பரந்தன் – புதுக்குடியிருப்பு றோட்டில ஒரு ஞாயிறு விடிய ரெண்டரை மணித்தியாலம் கேட்டு ஒரு மனு

மாவட்ட அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

மதிப்புக்குரிய ஐயா,

மனு எழுத ஒரு முறை இருக்காம், எங்களுக்கு அது சரியாத் தெரியாது, கதைக்கிற மாதிரியே எழுதிறம், குறை நினைக்காதேங்கோ.

நாங்கள் பரந்தனைச் சுத்தியிருக்கிற 14 பேர் சேர்ந்த ஒரு சைக்கிள் ரீம். அதில 3 பேர் பெட்டையள். ஒருத்தர் பள்ளிக்கூட மாஸ்ரர், ஒருத்தர் கராஜ் வச்சிருக்கிறார், ரெண்டு பேர் வயல் செய்யினம், மிச்சம் படிக்கிறவை. 2022 ல பெற்றோலுக்கு லைன்ல நிண்டு களைச்சுப் போய் எல்லாரும் கொட்டிலுக்க கிடந்த பழைய லுமாலாவைத் தூசு தட்டி எடுத்தம் தானே, அப்ப பிடிச்ச பழக்கம் பெற்றோல் வந்த பிறகும் விட்டுப் போகேல்லை. இப்ப அரைவாசிப் பேரிட்ட ரேசிங் சைக்கிள் இருக்கு, எல்லாம் செக்கன்ஹாண்ட் தான்.

கேக்கிறது இதுதான் ஐயா. வாற யூலையில ஒரு ஞாயிறு விடிய 6 மணிக்கு ஏ35 றோட்டில பரந்தன் சந்தியில வெளிக்கிட்டு முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு தாண்டிப் புதுக்குடியிருப்பில திரும்பி வாற மாதிரி ஒரு ரேஸ் வைக்கப் போறம், போக வர 60 கிலோமீற்றருக்கு மேல வரும், 8.30 க்குள்ள முடிச்சிருவம். அந்த நேரம் நாங்கள் போற பக்கத்துப் பாதி றோட்டு எங்களுக்கு முழுசா வேணும்.

காசு சேர்க்கிறது முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கையில இருக்கிற ஆக்களுக்கு. எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை இருக்கிறார், 2009 ல அடிபட்டவர், இடுப்புக்குக் கீழ உணர்வில்லை. எங்கட சைக்கிள் எல்லாத்துக்கும் சில்லுக் கோணல் எடுக்கிறது அவர்தான். வீல்செயாரில இருந்தபடி சில்லை மடியில வச்சு கம்பியை ஒவ்வொண்டா விரலால சுண்டி, சத்தத்தை வச்சே எது இளக்கம் எண்டு சொல்லுவார். போன வருசம் மூண்டு மாசம் அவரைக் காணேல்லை, படுக்கைப் புண். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆராவது திருப்பி விடோணும், வீட்டில இருக்கிறது வயசு போன அம்மா மட்டும், இரவு முழுக்க அவ எழும்பி எழும்பித் திருப்பினா எத்தினை நாளைக்குத் தாங்குவா. காத்து மெத்தை ஒண்டு இருந்திருந்தா புண் அந்தளவுக்குப் போயிருக்காது. அதைத்தான் வாங்கப் போறம், காசு மிஞ்சினா கதீற்றரும் புண்ணுக்குக் கட்டுற சாமானும். வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு எண்டு சொல்லியிருக்கினம், ஊருக்க கடைக்காரரும் தாறம் எண்டிருக்கினம். ஒரு சதமும் கையில வாங்க மாட்டம், எல்லாம் பாங்கில போட்டுப் பற்றுச்சீட்டோட கணக்கை உங்களுக்கே தருவம்.

ஏன் யூலை எண்டு கேப்பியள். மாசி, பங்குனியில பெரும்போக நெல்லு றோட்டில காயும். போன மாசியில எங்கட தம்பி ஒருத்தன் இருட்டோட றெயினிங் போகேக்க, படங்கு பறக்காம இருக்க ஓரத்தில வச்சிருந்த கல்லில ஏறி விழுந்து காறை எலும்பு முறிஞ்சது. நெல்லுக் காயப்போட்டவையில பிழை சொல்லேலாது, அவைக்கு வேற களம் எங்க இருக்கு. சித்திரை வெயிலில ஏலாது. மே மாசம் அந்தப் பக்கம் கொண்டாட்டம் மாதிரி ஒண்டும் வைக்கக் கூடாதெண்டு நாங்களே முடிவெடுத்தம். முல்லைத்தீவு மட்டும் போகாமப் புதுக்குடியிருப்போட திரும்பிறதும் அதாலதான், முள்ளிவாய்க்கால் மண்ணால மைக் செற்றும் விசிலுமாப் போக எங்களுக்கு மனம் வரேல்லை, வட்டுவாகல் பழைய பாலமும் ஒடுக்கம். வைகாசி விசாகத்தோட வற்றாப்பளைப் பொங்கல், சனம் நடந்து போற றோட்டு. ஆவணிக்குப் பிறகு சிறுபோக நெல்லு, ஐப்பசி தொடங்க மழை. யூலைதான் மிஞ்சுது.

ஆனா யூலையில சோளகம், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கும். இதைத்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கு. முதல் போன ஒரு அலுவலகத்தில “கரையால ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா ஓடுங்கோவன், றோட்டை ஏன் மறிக்கோணும்” எண்டு கேட்டவை. நேர்க் காத்தெண்டா அது சரி, முன்னுக்குப் போறவன் காத்தை உடைச்சுக் குடுப்பான், பின்னுக்கு வாறவனுக்கு மூண்டில ஒரு பங்கு கஸ்ரம் குறையும், பிறகு மாறி மாறி முன்னுக்கு வருவம். சோளகம் அப்பிடி நேர வராது. புதுக்குடியிருப்புக்குப் போகேக்க வலப்பக்கத்தால அடிக்கும், பின்னுக்கு வாறவன் முன்னவன்ர இடப்பக்கத்தில சரிஞ்சு நிண்டாத்தான் மறைவு கிடைக்கும், அவனுக்கு இடப்பக்கத்தில அடுத்தவன். ஆறு பேர் இப்பிடிச் சரிஞ்சு நிண்டா பாதி றோட்டு முடிஞ்சுது. கரையோட மட்டும் ஓடச் சொன்னா கடைசி ஆள் வடிகானுக்க தான். திரும்பி வரேக்க இன்னும் மோசம், காத்து இடப்பக்க மூஞ்சில வந்து அறையும்.

முழு நேரமும் றோட்டைப் பூட்டத் தேவையில்லை ஐயா. முன்னுக்கு ஒரு பொலிஸ் மோட்டச்சைக்கிள், பின்னுக்கு எங்கட வாகனம் ஒண்டு, கூட்டம் கடந்த உடன திறந்து விடலாம். மணல் ரிப்பர் மட்டும் அந்த ரெண்டரை மணித்தியாலம் ஓடாம நிண்டா பெரிய உதவி. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும் தான், எண்டாலும் தருமபுரத்தடியில ஒண்டு நிண்டா வீட்டுக்காரர் பெட்டையளை நிம்மதியா விடுவினம். கட்டாக்காலி மாட்டை நாங்களே பாப்பம், விடிய தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கிறதை எழுப்பிக் கலைக்கச் சந்திக்குச் சந்தி பெடியள் நிப்பினம்.

கடைசியா ஒண்டு. விசுவமடுவோட முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குது, இங்க கேட்டா அங்க கேளுங்கோ எண்டினம், அங்க போனா இங்கயிருந்து கடிதம் வரோணும் எண்டினம், ரெண்டு மாசமா இதே கதை. நீங்கள் ஒரு வரி எழுதி அங்கத்தைய அரசாங்க அதிபருக்கும் ரெண்டு பக்கப் பொலிசுக்கும் பிரதி போட்டா மிச்சத்தை நாங்கள் பாப்பம். நேர வரச் சொன்னா செவ்வாய், வியாழன் தவிர எந்த நாளும் வருவம், அந்த ரெண்டு நாளும் விடிய றெயினிங், 9 மணிக்கு முதல் கச்சேரிப் பக்கம் வரேலாது.

இப்படிக்கு,
சைக்கிள் ரீம் சார்பில கையெழுத்து வச்ச 14 பேர்,
பரந்தன்.