முகாம் பொறுப்பாளர்களுக்கு: 10 நாளையும் பாடத்துக்கே விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய முகாம் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் நீங்கள் நடத்திய கோடைகால ஆங்கில முகாமில் பாடம் எடுத்த 5 தன்னார்வலர்களில் நானும் ஒருவன். மதுரையில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு வந்தேன். நிறைவு விழா அன்று மேடைக்குப் பின்னால் நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றிக் கேட்டேன். கைகூப்புகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த வருடம் முகாம் நடத்தினால், 10 நாளையும் பாடத்துக்கே விட்டுவிடுங்கள்.

10 நாளும் பாடம்தானே நடந்தது என்று சொல்வீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் தொடக்க விழா, டி-ஷர்ட், குரூப் போட்டோ. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஐந்து பேரும் சத்துணவுக் கூடத்து நாயும்தான் இருந்தோம். சித்திரைத் திருவிழா! அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் வகுப்புக்கு வருவார்கள் என்று நினைத்துத் தேதி குறித்தவர் மதுரைக்காரராக இருக்க முடியாது. மதுரைக்காரராகவே இருந்தால் இன்னும் மோசம். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் ஒத்திகை. பத்தாம் நாள் நிறைவு விழா. மிச்சம் இரண்டு, ஐந்து, ஆறு, ஏழு. ஆக 4 நாள். நாளைக்கு 3 மணி நேரம் என்று வைத்தால் 12 மணி நேரம். பிள்ளைகள் 28 பேர்.

12 மணி நேரத்தில் என்னத்தைச் சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். கொஞ்சம் முடிந்தது. வயிறு எரிவது அதனால்தான்.

நீங்கள் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தில் 'ஐ'க்கு இக்லூ போட்டிருந்தது. பனிக்கட்டி வீடு. படத்தைக் காட்டியதும் பாதிப் பேர் "இட்லி சார்" என்றார்கள். பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சரி, அதுவும் ஐயில்தானே தொடங்குகிறது என்று கரும்பலகையில் இட்லியையே எழுதிப்போட்டு அடுத்த எழுத்துக்குப் போனோம்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி நன்றாகவே தெரியும். பாட்டாகவே பாடுவார்கள். ஆனால் பூனைக்குரிய மூன்றெழுத்துச் சொல்லை எழுதிக்காட்டினால் "சி... ஏ... டி..." என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்? தமிழில் ப, ட, ம் மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னால் படம் வந்துவிடும். 247 எழுத்து இருந்தாலும் எழுத்தைச் சொன்னாலே சொல் வந்துவிடுகிற மொழியில் வளர்கிற பிள்ளைகள். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி இன்னொன்று. 'டபிள்யூ' என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் சத்தத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலியைச் சமாளிக்கிற மொழி அது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, ஒவ்வொரு ஒலியாகப் பிரித்துக்காட்டினால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.

இரண்டாம் நாள் முழுக்க 'பம்பரம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருந்தோம். தொண்டையில் கைவைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் ப வரும்போது தொண்டை சும்மா இருக்கும். ம் தாண்டி வருகிற ப அதிரும். எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. ஆங்கிலத்தில் அந்த இரண்டு சத்தத்துக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. (இரண்டின் பெயரையும் தமிழில் எழுதினால் 'பி' என்றுதான் வரும். இந்த மடலில்கூட வித்தியாசம் காட்ட எனக்கு வழியில்லை.) பத்து நிமிஷத்தில் பிள்ளைகளே வேறு சொற்களைப் பிடித்துவிட்டார்கள். "சார், பாம்புலயும் இருக்கு!" "சார், தொந்தி! தொந்தில தொவும் தியும் வேற வேற!" 28 பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொந்தி தொந்தி என்று கத்துகிற நேரத்தில்தான் உங்கள் மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். வகுப்பில் ஒழுங்கில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அதே ஆள் இன்னொன்றும் எழுதினார். ஐந்தாவது முடித்து ஆறாவது போகவிருக்கும் ஒரு சிறுமி. பெயர் வேண்டாம், யாரென்று உங்களுக்குத் தெரியும். அவளைப் பற்றி 'ஆர்வமில்லை, தூங்குகிறாள்' என்று எழுதினார். தூங்கினாள்தான். அவள் விரலை ஒரு தடவை பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். நகக்கண்ணெல்லாம் பச்சைக் கறை. விடியற்காலை 5 மணிக்கு அம்மாவோடு மல்லிகைக் கொல்லையில் இறங்கினால் எட்டரை வரைக்கும் பறிப்பு. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் மல்லி இருக்கிறதே, அதை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். விரிந்தால் விலை போகாது. காலை வண்டியைப் பிடித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கூலி கிலோ கணக்கில். அதை முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, மூன்று வயதுத் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒன்பதரைக்கு வந்துவிடுவாள். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. நாங்கள்தான் திருமங்கலத்திலிருந்து வருகிற பஸ்ஸைக் காரணம் சொல்லிப் பிந்தினோம்.

ஐந்தாம் நாள் இலையில் கொஞ்சம் மொட்டு மடித்துக் கொண்டுவந்தாள். புத்தகத்தில் 'ஜே'க்கு ஜக் போட்டிருந்தது. நான் அதை மூடிவைத்துவிட்டு மொட்டைக் கையில் எடுத்து ஜாஸ்மின் என்றேன். "எங்க பூவா சார்?" என்றாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

ஏழாம் நாள் 'ஹேவ்' நடத்தினோம். எனக்கு ஒரு தம்பி இருக்கான், என்கிட்ட ஒரு சைக்கிள் இருக்கு என்கிறோம் நாம். ஆங்கிலமோ தம்பியையும் சைக்கிளையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது. புரியவைக்க எனக்கே மூச்சு முட்டியது. அவள் கை தூக்கி, மெதுவாக, "ஐ ஹேவ் எ தம்பி. ஹீ இஸ் ஸ்லீப்பிங்" என்றாள். தம்பி அவள் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தான். யாரும் எழுதிக்கொடுக்காத, யாரும் மனப்பாடம் செய்யவைக்காத வாக்கியம் அது.

மறுநாள் நீங்கள் ஒத்திகையைத் தொடங்கினீர்கள்.

காலை 7 மணிக்கு வரச்சொன்னீர்கள். டான்ஸ் மாஸ்டருக்கு அந்த நேரம்தான் தோது. எட்டரை வரை பறிப்பு என்று நான் சொன்னேன். "இரண்டே நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றீர்கள். இரண்டு நாளும் அவள் அம்மா தனியாகப் பறித்தார். இரண்டாவது நாள் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்து, சண்டையெல்லாம் போடாமல், "தம்பி, இங்கிலீஷ் படிக்கட்டும்னுதான் விட்டேன். டான்ஸுன்னா வீட்லயே ஆடும்ல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உங்களிடம் இருந்தால் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

அன்றைக்குத்தான் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு முகம். முகங்களுக்கு மேலே பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் முகாமின் பெயர். ஃப்ளெக்ஸ் என்ன விலை என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும், அதைச் சொல்லவில்லை. வகுப்புக்குச் சாக்பீஸ் எங்கள் கைக்காசில் வாங்கியதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அவள் தம்பியை இடுப்பில் வைத்தபடி அந்த ஃப்ளெக்ஸுக்கு எதிரே நின்றாள். உதடு அசைந்தது. "ஸ்... அ... ம்... சம்..." ஒரு விரலால் காற்றில் எழுத்தைத் தொட்டுக்கொண்டே போனாள். "சம்... மர்... சார், சம்மர்! சம்மர் போட்டிருக்கு சார்!"

ஐந்து வருஷம் பள்ளிக்கூடம் போன பிள்ளை, தானாகப் படித்த முதல் ஆங்கிலச் சொல். அடுத்த சொல்லுக்கு விரல் போவதற்குள் உங்கள் ஆள் ஒருவர் விசில் ஊதி, "ஏய், லைன்ல வா" என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்புறம் அவள் கையில் வரவேற்புரையைக் கொடுத்தீர்கள். 11 வரி. "ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட்" என்று தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க நேற்றுதான் தொடங்கிய பிள்ளைக்கு, ஆங்கில முகாமில், அதைத் தமிழில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறீர்கள். நான்காவது வரியில் அவளுக்கு மறந்துபோனது. மேடைக்குப் பின்னால் அவளை நிறுத்தி, "மானத்தை வாங்கிட்டியே" என்றார் உங்களில் ஒருவர். யாருடைய மானம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தப்பு.

விழாவைப் பற்றியும் சொல்லித்தானே ஆக வேண்டும். கத்திரி வெயில், சாமியானா, காலை 10 மணியிலிருந்து பிள்ளைகள் வரிசையில். சிறப்பு விருந்தினர் 12.40-க்கு வந்தார். ஆங்கிலத்தின் அவசியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் தமிழில் பேசினார். அதில் தப்பில்லை, எங்களுக்கும் புரிந்தது. ஆங்கிலம் தெரியாமல் தான் பட்ட கஷ்டத்தைச் சொன்னார். இந்த ஊரில் யாருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியாது? 1968-இலிருந்து இருமொழிக் கொள்கை. தமிழும் ஆங்கிலமும் ஒன்றாம் வகுப்பிலேயே கைக்கு வந்துவிடுகின்றன. அப்படியும் பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்தச் சுவரைப் பார்த்தாலும் 30 நாளில் ஆங்கிலம், 45 நாளில் ஆங்கிலம். எங்கள் அச்சகத்துக்கே மாதத்துக்கு நாலு நோட்டீஸ் வருகிறது. அதில் இரண்டில் எழுத்துப்பிழை நான்தான் திருத்திக் கொடுக்கிறேன். பயத்தைக் காட்டிக் காசு பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், பயத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். பயந்து நிற்கிற பிள்ளைக்கு ஒரு எழுத்தின் சத்தத்தைச் சொல்லிக்கொடுக்க மட்டும் ஆள் இல்லை...

மன்னிக்க வேண்டும். உங்களிடம் பேச வந்துவிட்டு ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் காசு வாங்காமல் செய்கிறீர்கள், அதை மறுக்கவில்லை. மதியம் கொடுத்த புளியோதரை உண்மையிலேயே நன்றாக இருந்தது. நன்கொடை கொடுப்பவர்களுக்குப் போட்டோ காட்ட வேண்டும் என்கிற உங்கள் சங்கடமும் எனக்குப் புரிகிறது. தொந்தி தொந்தி என்று கத்துகிற வகுப்பைப் போட்டோ எடுத்து அனுப்புங்களேன், அதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஆகவே திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன். 10 நாள் என்றால் 10 நாளும் பாடம் நடக்கட்டும். தேதி குறிக்கும்முன் காலண்டரில் சித்ரா பௌர்ணமி எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். வகுப்பு பூப்பறிப்பு முடிந்து ஒன்பதரைக்கே தொடங்கட்டும். விழா இல்லாமல் முடியவே முடியாது என்றால், கடைசி நாள் பாடம் முடிந்தபின் அரை மணி நேரம், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், மைக் இல்லாமல், பெற்றோரை மட்டும் கூப்பிட்டு, பிள்ளைகள் தாங்களாகச் சொல்ல நினைப்பதைச் சொல்லட்டும். இதற்கு ஒத்துக்கொண்டால் அடுத்த வருடமும் நான் லீவு போட்டு வருகிறேன். மற்ற நான்கு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு சிறு விஷயம். அந்தச் சிறுமியின் சான்றிதழ் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கொண்டுவந்து கொடுத்தாள். "சார், என் பேருக்கு ஜாஸ்மினுக்கு வர்ற ஜேதான வரணும்? இதுல வேற எழுத்துல போட்டிருக்கு" என்றாள். வாங்கிப் பார்த்தேன், ஜேக்குப் பதில் ஜி அச்சாகியிருக்கிறது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான், மேடையில் எடுத்துக்கொடுத்தபோது எனக்குக் கண்ணில் படவில்லை. பெயரைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, தயவுசெய்து புதிதாக ஒன்று அனுப்பிவைக்கவும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கிடைத்தால் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

பணிவுடன்,
உங்கள் முகாமின் தன்னார்வலர் ஒருவன்
மதுரை