காதில் நீர்: பொறுக்கலாமா, டியூப் வைக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருச்சியில் ஒரு காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவராக, இருக்கிறேன். கார்த்திகை மழையில் சளி பிடித்த பிள்ளைகள் வரத் தொடங்கினால் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: "மேடம், ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?"

செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்த பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்காது, பெரிதாக வலியும் இருக்காது. டிவி சத்தத்தைக் கூட்டும், கூப்பிட்டால் திரும்பாது. "சொன்ன பேச்சே கேக்கிறதில்ல" என்று வீட்டில் திட்டு விழும். காதில் ரப்பர் முனை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றினால், நல்ல காதுக்குத் தாளில் கோடு மலைபோல் ஏறி இறங்கும். நீர் கோத்த காதுக்குப் படுத்தே கிடக்கும். அதைப் பார்த்ததும் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. நீர் இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. எவ்வளவு கேட்கிறது என்பதற்கு வேறு பரிசோதனை உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

பலருக்கு 3 மாதத்துக்குள் நீர் தானாக வற்றிவிடும். ஆன்டிபயாடிக்கும் சளி சிரப்பும் இதை விரட்டுவதில்லை. பாட்டி காய்ச்சி ஊற்றும் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டிப் போகவே போகாது. அதற்காக, பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், முகம் பார்த்துப் பேச வேண்டும், 3 மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். அண்ணப் பிளவு (மேல்வாயில் பிளவு), டவுன் சிண்ட்ரோம், பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாமல் போகலாம். முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த 3 மாதத்துக்குப் பிறகும் இரண்டு காதிலும் நீர் நின்று, கேட்கும் திறனும் குறைந்திருந்தால் நடுக்காதுக்குக் காற்றுப் போக, செவிப்பறையில் கிராமெட் என்ற சின்ன டியூப் வைக்கலாம். மயக்க மருந்து தேவை. பெரும்பாலும் ஓராண்டுக்குள், சிலருக்குக் கொஞ்சம் தாமதமாக, தானே விழுந்துவிடும். ஆபரேஷன் வேண்டாம் என்பவர்கள் நீர் வற்றும்வரை காது மெஷின் போடலாம். இந்த வழியைப் பலரிடம் யாரும் சொல்வதே இல்லை. சொன்னாலும் "ஊர் என்ன சொல்லும்?" என்கிறார்கள். கண்ணாடி போட்டால் யாரும் அப்படிக் கேட்பதில்லையே!

இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் கேட்டு, உடனே கையெழுத்துப் போடு என்றால் எப்படி? அரசு மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இந்த வழிகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த பரிசோதனைத் தேதியை எழுத அதில் ஒரு கட்டமும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆடியாலஜிஸ்ட், திருச்சி