இரண்டு நாள் பயிலரங்கு போதாது

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும், டி.ஏ.இ.ஐ. விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். அவசரப் பிரிவில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்ய எங்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் வைக்கும் கோரிக்கை இது.

2021இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குப் பிந்தைய 48 மணி நேரத்தில் பணக்கவலையைக் குறைத்தது. ஆனால் ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் வருபவரை சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாது. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதய உறைக்குள் என நான்கு இடங்களில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்ப்பதுதான் ஃபாஸ்ட் ஸ்கேன். தேர்ந்த கைக்குச் சில நிமிடங்கள் போதும்.

அந்தக் கை தேர வேண்டுமே! எங்களில் பலருக்குக் கிடைப்பது ஓரிரு நாள் பயிலரங்கு. அங்கே ப்ரோபை, அதாவது உடல்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் கைப்பிடியை, வைத்துப் பழகுவது நலமாக இருப்பவரின் வயிற்றில். அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதலோ ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும், தரம் சரிபார்க்கப்பட்ட 25 முதல் 50 பரிசோதனைகளைக் கேட்கிறது. எண்ணிக்கையைவிட அந்தச் சரிபார்ப்பே முக்கியம் என்பேன். கசிவு தொடங்கிய வேளையில் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வயிற்றின் பின்சுவரை ஒட்டிய கசிவு பெரும்பாலும் பிடிபடாது. இது தெரியாமல் 'ஒன்றுமில்லை' என்று எழுதி நோயாளியை ஓரமாகப் படுக்கவைப்பது, ஸ்கேன் செய்யாமலே இருப்பதைவிட ஆபத்து. எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பதை, பக்கத்தில் நிற்கும் அனுபவசாலிதான் கற்றுத்தர முடியும்.

ஆகவே, தாலுகா, மாவட்ட மருத்துவமனை மருத்துவர்களைச் சில வாரங்கள் மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுகளுக்கு அனுப்புங்கள். அதைப் பணிக்காலமாகவே கணக்கிடுங்கள். எடுக்கும் ஸ்கேன்களைச் சேமித்து, ரேடியாலஜி மருத்துவர்களோடு வாரந்தோறும் உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, மயங்கிய நிலையில் கொண்டுவரப்படும் பெண்ணுக்கு இந்த ஸ்கேன் மிக மிக அவசரம். அங்கேதான் இளம் மருத்துவர்கள் ப்ரோபைத் தொடத் தயங்குகிறார்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிக்கிவிடுவோமோ என்ற பயமே காரணம். அந்தச் சட்டம் அவசியமானது. அதில் எந்தத் தளர்வும் கேட்கவில்லை. அவசரப் பிரிவின் இயந்திரம் எப்படிப் பதியப்பட வேண்டும், யார் இயக்கலாம், கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் அந்தச் சட்டப்படி நிரப்ப வேண்டிய எஃப் படிவத்தை நள்ளிரவில் யார் நிரப்புவது என்பதையெல்லாம் தெளிவாக எழுதி, ஒவ்வொரு அவசரப் பிரிவுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர்