ஆய்வேடு வகுப்பறையிலிருந்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் ஆசிரியர்கள் கல்வியியலில் மேற்படிப்பு படிப்பது வீண், அந்த நேரத்தில் அவரவர் பாடத்தை இன்னும் ஆழமாகப் படித்தால் போதும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். இயற்பியலில் முதுநிலைப் பட்டம் வாங்கி, வேலைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து, அறிவியல் கல்வியிலும் ஒரு முதுநிலைப் படிப்பை முடித்தேன். அந்தப் படிப்பு இப்போது இருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் வாசகருக்கு வந்த கோபம் எனக்கும் உண்டு. அவர் சொல்லும் மருந்தைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு பந்தை மேலே எறிகிறோம். கையை விட்டுப் போன பிறகு அதன் மேல் செயல்படும் விசை எது? காற்றுத் தடையைத் தள்ளிவிட்டால் புவியீர்ப்பு ஒன்றுதான். ஆனால் மாணவர்களைக் கேட்டால், கை கொடுத்த விசை இன்னும் உள்ளே இருந்துகொண்டு மேலே தள்ளுகிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்ததும் பந்து திரும்புகிறது என்று பலர் சொல்வார்கள். பந்து எவ்வளவு உயரம் போகும் என்ற கணக்கைப் பிழையில்லாமல் போட்ட அதே பிள்ளைதான் இதையும் சொல்லும். இன்னும் நான்கு இயற்பியல் நூல்களைப் படிப்பதால் மட்டும் ஆசிரியருக்கு இது பிடிபடாது. அந்த நூல்களில் இருப்பது சரியான விடை. தவறான விடை எங்கிருந்து முளைக்கிறது, எந்தக் கேள்வியைப் போட்டால் அது ஆட்டம் காணும் என்பது தனி அறிவு. பாடத்தை அறிந்திருப்பதும் கற்பிக்கத் தெரிந்திருப்பதும் சந்திக்கும் இந்த இடத்துக்கு அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1986இல் ‘கற்பித்தல்சார் பாட அறிவு’ என்று ஒரு பெயர் வைத்து, ஆசிரியர் கல்வி அதைக் கண்டுகொள்வதில்லை என்று சுட்டிக்காட்டினார்.

இந்த அறிவைப் பல்கலைக்கழகத்தார் மட்டும் உட்கார்ந்து உண்டாக்கிவிடவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் மால்கம் வெல்ஸ் என்று ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியர் இருந்தார். மாணவர்களே செய்து பார்த்துக் கற்கும் முறையில் ஆண்டுக்கணக்கில் ஊறியவர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹலூன், ஹெஸ்டெனஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கியிருந்த இயக்கவியல் தேர்வைத் தன் மாணவர்களுக்கு வைத்துப் பார்த்தார். அவர்கள் வாங்கிய மதிப்பெண் அவரைத் திடுக்கிட வைத்தது. அதையே முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டு, தன் வகுப்பிலேயே கற்பிக்கும் முறையை மாற்றி, விளைவை அளந்து, 1987இல் ஆய்வேட்டை முடித்தார். விசை பற்றி மாணவர்களிடம் இருக்கும் தவறான எண்ணங்களைக் கண்டறிய 1992இல் வெளிவந்த விசைக் கருத்துத் தேர்வை உலகம் முழுவதும் இயற்பியல் ஆசிரியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதை எழுதிய மூவரில் வெல்ஸும் ஒருவர். இன்னொருவரான ஸ்வாக்ஹேமரும் பள்ளி ஆசிரியர்தான். அந்தத் தேர்வையும் அதற்கு முந்தைய தேர்வையும் வைத்து ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியல் பேராசிரியர் 62 வகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் திரட்டி 1998இல் வெளியிட்டார். வழக்கமான விரிவுரை வகுப்புகளில் மாணவர்கள், முன்தேர்வில் தவறவிட்ட மதிப்பெண்ணில் சராசரியாக 23 சதவீதத்தையே பின்தேர்வில் எட்டிப்பிடித்தார்கள். விவாதித்தும் செய்துபார்த்தும் கற்ற வகுப்புகளில் அது 48 சதவீதம். விரிவுரை நடத்திய அந்த ஆசிரியர்களுக்குப் பாட அறிவு இல்லையென்று நம் வாசகரும் சொல்லமாட்டார்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால், முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் செலவழித்துவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்த பல்புக்கு அனுப்புகிறது என்பது மாணவர்களிடம் வேரூன்றிய எண்ணம். பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை இணைத்து ஒரே அளவைக் காட்டினாலும், மீட்டரில்தான் கோளாறு என்பார்கள். இந்த எண்ணம் எந்த இடத்தில் அசைகிறது, எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது என்பதை முதுநிலை ஆய்வேட்டுக்காக என் வகுப்பிலேயே பதிவு செய்து ஆராய விரும்பினேன். ‘ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு ஆய்வா? மாதிரி போதாது’ என்று என் வழிகாட்டி மறுத்துவிட்டார். கடைசியில் எல்லாரும் செய்வதையே செய்தேன். அறிவியல் மீதான மனப்பான்மை என்று ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாநிரல், பிறகு இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை. ஆண் மாணவர்களுக்கும் பெண் மாணவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது முடிவு. தலைப்பில் பாடத்தின் பெயரை மட்டும் மாற்றினால் வரலாற்று ஆசிரியரும் அதையே சமர்ப்பிக்கலாம். (அவர்கள் சமர்ப்பிக்கவும் செய்கிறார்கள்.)

ஒரு வகுப்பை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது என்பது உண்மைதான். யாரும் அப்படி எழுதக் கேட்கவில்லை. முன்தேர்வு, பின்தேர்வு, மாணவர்களோடு நடத்திய பேட்டிகளின் முழுப் பதிவு, வகுப்பில் வரைந்த படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தால், பிறகு அந்தப் பாடத்தை எடுக்கும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் அது உதவும். நான் செய்த டி-சோதனையால் எனக்கே எந்தப் பயனும் இல்லை.

அதே படிப்பில் வரும் தொழில்நுட்பத் தாளின் கதை இன்னும் மோசம். திரையில் படம் போடவும், இணையத்தில் தேர்வு வைக்கவும், காணொளி வெட்டவும் கற்றுக்கொடுத்துவிட்டுத் தொழில்நுட்பக் கல்வி என்கிறார்கள். அவற்றை ஒரு மாலைப் பொழுதில் மாணவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். முதுநிலைப் படிப்பு எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கைபேசியில் இருக்கும் முடுக்கமானியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அளவீட்டை அப்படியே காட்டும் செயலியைத் திறந்து, கைபேசியை மேசைமேல் அசையாமல் வைத்தால் 9.8 என்று காட்டும். மெத்தைமேல் விழவிட்டால், விழும் அந்தக் கணத்தில் சுழியத்துக்குப் பக்கத்தில் போகும். பாடநூல் சொல்வதோ நேர் எதிர்: அசையாத பொருளுக்கு முடுக்கம் சுழி, தடையின்றி விழும் பொருளுக்கு 9.8. ‘கருவி பொய் சொல்லுதா, புத்தகம் பொய் சொல்லுதா மிஸ்?’ என்று மாணவி கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். மிக நுண்ணிய ஒரு நிறை மெல்லிய தாங்கிகளில் நிற்கிறது. கூட்டைவிட்டு அது எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. மேசை தாங்கும்போது நிறை இழுபட்டு விலகும். விழும்போது கூடும் நிறையும் சேர்ந்தே விழுவதால் விலகல் இல்லை. வேறு சில செயலிகள் புவியீர்ப்பைக் கழித்துவிட்டுக் காட்டும். அவற்றில் மேசைமேல் இருக்கும் கைபேசிக்குச் சுழியே வரும். பாடம், கருவி, கற்பிக்கும் முறை மூன்றும் பிரிக்க முடியாதபடி வந்து நிற்கும் இடம் இது. கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்களான மிஸ்ராவும் கோலரும் 2006இல் வாதிட்டதும் இதைத்தான். நம் தாள்களில் அவர்களுடைய மூன்று வட்டப் படம் தேர்வுக்கு வரைவதற்காக இருக்கிறது. அதன்படி ஒரு பாடம்கூடத் தயாரிக்கச் சொல்வதில்லை.

ஆகவே படிப்பே வீண் என்று சொல்லும் வாசகருக்கு நான் உடன்படவில்லை. படிப்பை நடத்துகிறவர்களிடம்தான் என் கோரிக்கை. ஆய்வேட்டின் தலைப்பு, தான் நடத்தும் பாடத்தில் மாணவர்கள் தடுமாறும் ஓர் இடமாக இருக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். ஆய்வேட்டை மதிப்பிடுகிறவர்களில் ஒருவராவது தற்போது பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்துகிறவராக இருக்கட்டும். வகுப்புகளை விடுமுறைகளில் வைத்தால், ஆண்டு முழுவதும் பள்ளியில் முயன்று பார்த்துவிட்டு அடுத்த விடுமுறையில் அதைக் கொண்டுவந்து விவாதிக்க முடியும். அரிசோனாவில் இயற்பியல் ஆசிரியர்களுக்கான முதுநிலைப் படிப்பைக் கோடை விடுமுறைகளில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். முடிந்த ஆய்வேடுகளை அலமாரியில் பூட்டாமல், பாடவாரியாகப் பிரித்து இணையத்தில் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டு மின்னோட்டம் நடத்தப்போகும் புது ஆசிரியர் ஒருவர் அதைத் தேடி எடுத்துப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு இயற்பியல் ஆசிரியை ஒருவர்