பி20 வருமுன் தாங்கியின் அடியைப் பாருங்கள்

மலேசியத் தோட்டத்தொழில், மூலப்பொருள் அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இறக்குமதி எண்ணெய்க்குப் பதிலாக நம் செம்பனையிலிருந்து எடுத்த எரிபொருளை டீசலில் கலந்து எரிப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. 2006-இல் உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2019-இல் சாலை வாகனங்களுக்கு பி10, அதாவது நூற்றுக்குப் பத்து பங்கு செம்பனை எரிபொருள் கலந்த டீசல். 2020-இல் லங்காவியில் இருபது பங்கு கலந்த பி20 தொடங்கியது. தீபகற்பம் முழுதும் வரட்டும். ஆனால் பேச்செல்லாம் கலப்பு விகிதத்தைப் பற்றியே இருக்கிறது. எண்ணெய் கெடுவதோ தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் வெயிலில் நிற்கும் தாங்கியில்.

5,000 லிட்டர் தாங்கியில் பி20 நிரப்பினால் அதில் 1,000 லிட்டர் மீதைல் எஸ்டர், அதாவது செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள். சாதா டீசலைவிட அது பல மடங்கு ஈரம் பிடிக்கும். பாதி காலியான தாங்கி பகலில் சூடேறி இரவில் குளிரும்போது, உள்ளே புகுந்த ஈரக்காற்று தகட்டில் வியர்த்து அடியில் இறங்கும். அந்த நீரும் எண்ணெயும் சேரும் இடத்தில் கிருமி வளரும். போதாக்குறைக்கு எஸ்டர் நல்ல கரைப்பான். பல வருட வண்டலை முதல் சில நிரப்பலிலேயே கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பிவிடும்.

லோரி மேட்டில் இழுக்கவில்லை என்றதும் பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றுகிறார்கள், வீண் செலவு. முதலில் ஃபில்டரை அறுத்துப் பார்க்க வேண்டும். கறுத்து வழவழத்து, அழுகல் வாடை அடித்தால் கிருமி. செம்பழுப்பாய் நறநறத்தால் துருவும் பழைய வண்டலும். வெள்ளை மெழுகாய் இருந்து வெந்நீரில் உருகினால் குளிரில் உறைந்த எண்ணெய். கேமரன் மலை ஏறும் வண்டிகளில் இதைத் தேடலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கிருமி இருக்கையில் ஃபில்டரை மட்டும் மாற்றினால் மறுபடி அடைக்கும். தாங்கியையே காலி செய்து கழுவ வேண்டும்.

ஆகவே, டீசல் சேமிக்க உரிமம் தரும்போது நீர் வடிக்கும் பதிவேட்டை நிபந்தனையாக்கும்படி உள்நாட்டு வாணிப அமைச்சிடம் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை, எண்ணெயை ஓரிரவு தெளியவிட்டு, காலையில் எதையும் எடுக்குமுன் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடி போத்தலில் பிடிக்க வேண்டும். தெளிந்த எண்ணெய் வரும்வரை நிறுத்தக்கூடாது. அளவுகோலில் நீர் காட்டும் பசையைத் தடவினால் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது நிற மாற்றத்திலேயே தெரியும். தாங்கி வடிகுழாய்ப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கட்டும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இணைப்புகளை அகற்றச் சொல்லுங்கள். அவை பட்டால் எஸ்டர் சீக்கிரம் புளிக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊதிக் கசியும், வைட்டான் என்ற செயற்கை ரப்பர் தாங்கும். வடித்த நீர் வாய்க்காலுக்குப் போகக்கூடாது, தனி டிரம் வேண்டும். இதையெல்லாம் மலாயில் மட்டும் அச்சடித்து ஒட்டாதீர்கள். வங்காளத்திலும் நேப்பாளியிலும் வேண்டும். தாங்கிச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று வந்து பாருங்கள்.

மின்சாரம் போனால் மட்டும் ஓடும் ஜெனரேட்டர்களைத் தனியாகக் கவனியுங்கள். கலப்பு எண்ணெயை ஆறு மாதத்துக்கு மேல் கிடக்கவிட்டால் புளித்துப் பிசினாகும். கிளினிக்கிலும் தண்ணீர் பம்பு வீட்டிலும் உள்ளவற்றுக்கு எஸ்டர் கலக்காத டீசலை டிரம்மில் வாங்க அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் பட்டறைக்காரர்கள், லோரி ஓட்டுநர்கள், தோட்டத்து ஸ்டோர் பணியாளர்கள்
சுங்கை சிப்புட், பேராக்